யூ.கே. கேர் விசா: இப்போது யார் போக முடியும்?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டு நர்ஸ் வேலை, கேர் வேலை (முதியோரையும் முடியாதவர்களையும் பராமரிக்கும் வேலை) பற்றித்தான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர் என்று ஊர்தான் மாறுகிறதே தவிர விஷயம் ஒன்றுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மனைவி பி.காம். படித்தவர். படுக்கையில் இருந்த என் அம்மாவை அவர்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கடலூரில் ஒரு ஏஜென்ட், யூ.கே.யில் கேர் ஹோம் வேலை வாங்கித் தர 14 லட்சம் கேட்கிறார். 2 லட்சம் முன்பணம் கொடுத்தால் ஒரே மாதத்தில் சிஓஎஸ் (ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்) வந்துவிடுமாம். கொடுக்கலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட. கேர் ஒர்க்கர், சீனியர் கேர் ஒர்க்கர் வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை யூ.கே. அரசு 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு அந்த வேலைக்கு விசா கேட்க இன்றைக்கு வழியே இல்லை, அனுபவம் இருக்கிறதா, டிகிரி இருக்கிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏஜென்ட் சொல்வது நம்பும்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 பிப்ரவரியில் இந்த வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தபோது நிஜமாகவே நிறையப் பேர் போனார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே யாராவது போயிருப்பார்கள், அவர்கள் ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோவைக் காட்டித்தான் இன்றைக்கும் வசூல் நடக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்ல மாட்டார்கள்: 2024 மார்ச் 11 முதல் கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள், 2025 ஏப்ரலில் சம்பள வரம்பை ஏற்றினார்கள், ஜூலையில் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

சிஓஎஸ் என்று ஒரு பூச்சாண்டி காட்டுகிறார்களே, அந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் பிரேம் போட்டு மாட்டுகிற காகிதம் இல்லை. யூ.கே. உள்துறையின் கணினியில் முதலாளி உங்கள் பெயரில் பதிகிற ஒரு பதிவு, அதற்கு ஒரு எண், அவ்வளவுதான். அதற்கான கட்டணம் 2025 ஏப்ரலிலிருந்து 525 பவுண்டு, அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், வேலைக்கு வருகிறவர் தலையில் கட்டக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது. அப்படியானால் 14 லட்சம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும். நம் நாட்டு விதிப்படியும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. அந்தப் பதிவு இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். வாசலில் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி சான்றிதழும் ஐஎஸ்ஓ முத்திரையும் அந்தப் பதிவு ஆகாது.

"கேர் ஒர்க்கர் என்று போடாமல் வேறு பெயரில் எடுத்துத் தருகிறேன்" என்று அடுத்து வருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் நாலு இலக்கக் குறியீடு உண்டு, கேர் ஒர்க்கர் 6135, சீனியர் கேர் ஒர்க்கர் 6136. விசாவில் ஒரு குறியீடு, செய்கிற வேலை வேறு என்று கண்டுபிடித்தால் மாட்டுவது ஏஜென்ட் இல்லை, உங்கள் மனைவிதான். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், கடலூர் மாவட்டம் என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள், பேங்க் மூலம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, புதுச்சேரியில் தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறேன். நர்ஸ்களுக்கும் மூடிவிட்டார்களா? ஏஎன்எம் (துணை நர்ஸ் படிப்பு) படித்த என் தங்கை போக முடியுமா? (வாசகி, வில்லியனூர்)

உங்களுக்கு மூடவில்லை. நர்ஸ், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் போன்ற வேலைகளுக்கு ஹெல்த் அண்ட் கேர் விசா இன்னும் இருக்கிறது. நர்ஸ் என்றால் முதலில் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலான என்எம்சியின் பாதையில் ஏற வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் பேசுதல், கேட்டல், படித்தல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5. அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதலாம், நோயாளி, வார்டு, டிஸ்சார்ஜ் கடிதம் என்று நமக்குப் பழகிய விஷயத்திலேயே கேள்வி வருவதால் ஐசியூவில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். என்எம்சி ஏற்றுக்கொண்ட தேர்வே விசாவுக்கும் போதும், தனியாக இன்னொன்று எழுத வேண்டாம். அப்புறம் சிபிடி என்ற கணினித் தேர்வு, இதை இங்கிருந்தே எழுதலாம். செய்முறைத் தேர்வான ஆஸ்கியை யூ.கே.யில்தான் எழுத வேண்டும், வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் தடவை எழுதி, எட்டு மாதத்துக்குள் தேறியாக வேண்டும். இந்தக் கெடுவைப் பற்றி இங்கே யாரும் வாயே திறப்பதில்லை.

இந்த விசாவில் கணவரையும் குழந்தைகளையும் கூட்டிப்போகலாம், கணவர் அங்கே வேலையும் பார்க்கலாம், மற்ற வேலை விசாக்காரர்கள் வருடா வருடம் கணக்கிட்டு முன்கூட்டியே கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் கிடையாது. ஆனால் விதி இடம் கொடுப்பதால் மட்டும் வேலை கிடைத்துவிடாது, வெளிநாட்டிலிருந்து நர்ஸ் எடுப்பது அங்கே நன்றாகவே குறைந்துவிட்டது. சம்பளத்தை நம்பி இங்கே வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம்.

தங்கைக்கு ஏஎன்எம்மை மட்டும் வைத்து இந்த வழி கிடையாது. ஜிஎன்எம்மோ பி.எஸ்சி. நர்சிங்கோ படிக்கட்டும்.

கேள்வி: என் மகள் 2023-இல் கேர் ஒர்க்கர் விசாவில் இங்கிலாந்து போனாள். வெளிநாட்டு ஆட்களை ஸ்பான்சர் செய்ய அவள் கம்பெனிக்கு இருந்த லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்களாம். போனில் அழுகிறாள். திரும்பி வந்துவிடச் சொல்லட்டுமா? (ஒரு அம்மா, பண்ருட்டி)

அவசரப்பட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லாதீர்கள் அம்மா. மூடியது வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே அங்கே கேர் ஒர்க்கர் விசாவில் இருப்பவர்கள் 2028 ஜூலை 22 வரை வேறு ஸ்பான்சரிடம் மாறலாம், விசாவை நீட்டிக்கலாம். ஊருக்கு வந்து அந்த விசாவும் போய்விட்டால் மறுபடி அதே வேலைக்குப் போக முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

கம்பெனி லைசென்ஸ் போன அன்றைக்கே நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டாம். உள்துறையிலிருந்து மகளுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ வரும், வழக்கமாக 60 நாள் அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் புது முதலாளி கிடைத்து விசா விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். மின்னஞ்சலைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய முகவரிக்குப் போய்க் கடிதம் கிடைக்காமல் தவித்தவர்கள் உண்டு. அவள் மட்டும் இப்படி மாட்டவில்லை, 2022-க்கும் 2024-க்கும் இடையில் கேர் துறையில் 470-க்கும் மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்கள் ரத்தாகியிருக்கின்றன. இப்படி நடுவில் விடப்பட்டவர்களைப் புது முதலாளிகளோடு சேர்த்துவிட இங்கிலாந்தில் வட்டார அளவில் உதவிக் குழுக்கள் இருக்கின்றன, அங்கே பெயரைப் பதியச் சொல்லுங்கள். புது கம்பெனி உள்துறை வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா, இங்கிலாந்தில் கேர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் சிக்யூசியின் பதிவு இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுச் சரி சொல்லட்டும். இந்தத் தடவையும் யாராவது பணம் கேட்டால் வேண்டாம்.

கேள்வி: யூ.கே. இல்லையென்றால் வேறு எங்கே? (பலர்)

ஜெர்மனி என்றால் ஜிஎன்எம், பி.எஸ்சி. படித்தவர்கள் தங்கள் படிப்புக்கு அங்கீகாரம் வாங்க வேண்டும், ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் பி2 நிலை கேட்பார்கள். ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்காமல் அந்த மொழி வராது, "மூன்று மாதத்தில் பி2" போஸ்டரைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போங்கள். ஜப்பானில் நர்ஸ் படிப்பு இல்லாதவர்களுக்கும் முதியோர் பராமரிப்பு வேலை உண்டு, என்4 என்ற அடிப்படை நிலை ஜப்பானிய மொழியும் பராமரிப்புத் திறன் தேர்வும் வேண்டும், ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நெல்லிக்குப்பம் வாசகரின் மனைவி யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்கள் தனியார் ஏஜென்டிடம் போகவே வேண்டாம். ஈசிஆர் (போவதற்கு முன் அரசின் குடியகல்வு அனுமதி தேவைப்படும்) பட்டியலில் உள்ள நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015-லிருந்து விதி இருக்கிறது. நமக்கு அது சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம், பாஸ்போர்ட் நகலையும் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.