மலச்சிக்கலோடு வயிற்றுவலியும்: ஐபிஎஸ்-சி கேள்வி பதில்

ஐபிஎஸ் (irritable bowel syndrome) என்ற எரிச்சல் குடல் நோயில் மலச்சிக்கலோடு வரும் வகையான ஐபிஎஸ்-சி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர், அதனால் மருந்தைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசுவேன்.

அக்கா, எனக்கு இருப்பது வெறும் மலச்சிக்கலா, ஐபிஎஸ்ஸா?

வலிதான் வித்தியாசம். கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிறு வலிக்கிறதா என்று பாருங்கள். மலம் கழிக்கும்போது வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அந்த வலியோடு சேர்ந்து வர வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து 6 மாதமும் ஆகியிருந்தால் ஐபிஎஸ் என்று யோசிப்பார்கள். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பதை நெருங்கும் வயதிலோ அதற்கு மேலோ புதிதாக வந்த மாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள், என் பதில்களெல்லாம் அதற்கு அப்புறம்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வலி மாத்திரைகளும்கூட மலத்தை இறுக்கும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இசப்கோல் குடித்தேன், வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. நார்ச்சத்தே ஒத்துக்கொள்ளாதா?

எடுத்த எடுப்பிலேயே முழு அளவு குடித்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு 3 கிராம் அளவில் ஆரம்பித்து, வயிறு பழகப் பழக வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கியதும், அது கூழாகும் முன்பே குடித்துவிட வேண்டும், தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கோதுமைத் தவிடும் நார்தானே என்று அதற்கு மாறிவிடாதீர்கள், ஐபிஎஸ் வயிற்றில் அது வலியையும் உப்புசத்தையும் கூட்டிவிடலாம்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரில் மோஷன் ஒழுங்காகப் போகிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. டோஸைக் கூட்டலாமா?

வேண்டாம். அந்தப் பவுடர் குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. வலிக்கு அது மருந்தில்லை. "மோஷன் போகிறதா? போகிறது, சரி" என்று விசாரிப்பு அங்கேயே முடிந்துவிடுவதால்தான் பலர் வருடக்கணக்காக வலியோடு இருக்கிறார்கள், எனக்கு இது மிகவும் வருத்தம். டாக்டரிடம் வலியைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். லினாக்ளோடைட் என்ற மருந்து குடலில் நீர் சுரக்க வைப்பதோடு வலி நரம்புகளின் உணர்வையும் தணிக்கும். ஐபிஎஸ்-சிக்கு வழக்கமான அளவு 290 மைக்ரோகிராம், வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். சாப்பாட்டோடு போட்டால் பேதி கூடும். மோஷன் முதல் வாரத்திலேயே மாறலாம், வலி குறையச் சில வாரங்கள் பிடிக்கும், அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். ஐபிஎஸ்-சிக்குத் தரும் இன்னொரு மருந்தான லூபிப்ரோஸ்டோன் என்றால் நேர்மாறு, அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். இன்னொன்று, வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் போன்றவை மலச்சிக்கலைக் கூட்டக்கூடும், வீட்டில் இருக்கிறதே என்று நீங்களாகப் போடாதீர்கள்.

மூலிகை மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது என்கிறார்களே?

டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பல மூலிகை மலமிளக்கிகளில் சென்னா எனப்படும் நிலாவரை இருக்கும். அது குடலைத் தூண்டிச் சுருங்க வைப்பது, அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் வயிற்றைப் பிசையும், ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். மாற்று வைத்தியங்களில் நான் தயங்காமல் சொல்வது மிளகுக்கீரைத் தைலக் காப்ஸ்யூல், அது குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். குடலில் போய்க் கரையும்படி மேலே பூச்சு இருக்கும், அதனால் கடிக்காமல் முழுதாக விழுங்குங்கள். வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட்டோடு சேர்த்துப் போட்டால் பூச்சு வயிற்றிலேயே கரைந்து நெஞ்செரிச்சல் வரும்.

புரோபயாட்டிக்?

குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய இது சிலருக்கு உதவுகிறது. ஒரே வகையை 4 வாரமாவது எடுத்துப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அந்த நாட்களில் வேறு எதையும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள், எது உதவியது என்றே தெரியாமல் போய்விடும்.

"எல்லாம் மனசுதான்" என்று சொல்லி ஹிப்னோதெரபிக்கு (ஆழ்ந்த தளர்வு நிலையில் வைத்துச் செய்யும் சிகிச்சை) அனுப்புகிறார்கள். எனக்கு என்ன பைத்தியமா?

இல்லை, உங்கள் வலி நிஜம். குடலும் மூளையும் இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன, ஐபிஎஸ்ஸில் குடலிலிருந்து வரும் சாதாரண அசைவுகூட மூளைக்கு வலியாகக் கேட்கிறது. குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபியும் நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான், இரண்டுக்கும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. மருந்தோடு சேர்த்தே செய்யலாம். உங்களிடம் அதைச் சொன்ன விதம்தான் தப்பு.

மலம் இளகித்தான் இருக்கிறது, ஆனாலும் அரை மணி முக்கினாலும் வருவதில்லை. சில நாள் விரலை விட வேண்டியிருக்கிறது, சொல்லவே கூச்சம்.

கேட்டது நல்லது. மலம் வெளியேறும்போது தளர வேண்டிய இடுப்புத்தள தசை சிலருக்கு இறுகிக்கொள்ளும். அப்படியானால் எத்தனை மலமிளக்கி சாப்பிட்டாலும் போதாது. பயோஃபீட்பேக் என்ற பயிற்சியில் அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுத் தருவார்கள், பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. இப்போதைக்கு, சாப்பிட்ட அரை மணிக்குள் போய் உட்காருங்கள், பாதத்துக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே வைத்து முன்னால் சாயுங்கள், பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். டாக்டரிடம் விரல் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் எந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அதில்தான் தெரியும்.