நீதிபதி ஆன பிறகும் படிக்க வேண்டுமா? அவர்களுக்கு என்ன பயிற்சி தருகிறார்கள்?

கட்டாயம் படித்தாக வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றவர்களுக்குச் சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி பயிற்சி தருகிறது. புதியவர்களுக்குக் குறைந்தது ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொன்னது. 2025 மே மாதத் தீர்ப்பிலும் அதை வலியுறுத்தியது. அப்புறம் பணிக்காலத்தில் இடையிடையே வகுப்புகள் உண்டு. போபாலில் தேசிய நீதித்துறை அகாடமியும் இருக்கிறது.

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302 போய், புதிய சட்டத்தின் பிரிவு 103 வந்தது. ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஒரே காலையில் இரண்டு வகை வழக்குக் கட்டுகளும் நீதிபதியின் மேஜைக்கு வருகின்றன. சிசிடிவி பதிவின் நகலைத் தாக்கல் செய்தால், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழுக்குப் பதில் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63ன்படி இரண்டு பகுதிச் சான்றிதழ்: தாக்கல் செய்பவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது ஒன்று, இரண்டிலும் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரியான எண்-எழுத்துக் கோவை; கோப்பில் சிறிது மாற்றினாலும் இதுவும் மாறிவிடும்). அது என்னவென்று புரியாத நீதிபதியால் பதிவில் யாராவது கைவைத்தார்களா என்று எப்படிப் பார்க்க முடியும்?

சரி, சட்டத்தைப் புத்தகம் பார்த்தாவது படித்துவிடலாம். மனதில் ஊறிப்போன எண்ணத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. 2021ல், சேர்ந்து வாழ விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர், பெற்றோர் எதிர்ப்பால் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருபாலின உறவு பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். போலீசாருக்கும் நீதித்துறையினருக்கும் விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தவும் அதில் வழிகாட்டினார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவராக உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயிற்சியில் இந்த மாதிரி வகுப்புகளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஒரே ஒரு குறை. "அய்யா ட்ரெய்னிங் போயிருக்காங்க, வாய்தா" என்று கேட்டதும் கட்சிக்காரர்களின் முகம் வாடிவிடுகிறது. பயிற்சித் தேதி முன்பே தெரிந்துவிட்டால், முந்தைய வாய்தாவிலேயே அந்த நாளைத் தவிர்த்துத் தேதி கொடுக்கலாம். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.