கல்லோயாவுக்கு முன் வயலுக்கு நீர் வந்த வழி

கேள்வி: கல்லோயாத் திட்டத்துக்கு முன்னர் எமது பகுதி வயல்களுக்கு எவ்வாறு நீர் பாய்ச்சினார்கள்?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகமே அக்காலத்தில் முதன்மையானது, கோடையில் மழை அரிது என்பதால், குளத்து நீர் எட்டிய வயல்களில் மட்டுமே சிறுபோகம் சாத்தியமாயிற்று. பாழடைந்திருந்த இறக்காமம், அம்பாறை ஆகிய பழங்குளங்கள், ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் (1855–1860) திருத்தப்பட்டன. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நீர்ப் பங்கீட்டில் ஊர் வழக்கங்களுக்குச் சட்ட வலு அளித்தது. என் கருத்தில், குளத்தைத் திருத்தியதைவிட இதுவே பெரிய காரியம். ஏனெனில் எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, வரம்பையும் வேலியையும் யார் எப்போது கட்டுவது என்பவற்றை வட்டைதோறும் (வயற்றொகுதிதோறும்) மேற்பார்வை செய்த வட்டவிதானை என்ற ஊர் அலுவலரின் சொல்லுக்கு அது துணைநின்றது. (அவருக்குரிய கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது.)

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்ட பின், அங்கு உருவான சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீர் நெடுந்தொலைவு சென்றது. ஆயினும் இடதுகரைக் கடைமடை வயல்கள் நீரின்றித் தவித்தமையால், 1980களின் தொடக்கத்தில் விவசாயிகள் குழுக்களாகக் கூடி, வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சத் தொடங்கினர்.