சளிகூடப் பிடிக்காத உடம்பு இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

கேள்வி: எனக்கு 46 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்து 12 வருடமாகிறது, ஆனால் மஞ்சள் காமாலை ஒருநாளும் வந்ததில்லை, சளிகூட எப்போதாவதுதான். இவ்வளவு எதிர்ப்புச் சக்தி இருந்தும் இதை ஏன் விரட்ட முடியவில்லை? மனைவி தேக்கா சந்தையில் கீழாநெல்லி வாங்கி அரைத்துத் தருகிறார், குடிக்கலாமா? பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிடலாமா?

பதில்: உங்கள் எதிர்ப்புச் சக்தி தோற்கவில்லை, அது சண்டைக்கே சரியாகப் போகவில்லை. சளி வைரஸ் நுழைந்தால் செல்கள் உடனே கூச்சல் போடும், இண்டர்ஃபெரான் என்பது அந்தக் கூச்சல்தான். ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லுக்குள் போகும்போது அநேகமாகச் சத்தமே எழாது. போனதும் தன் மரபணுவை செல்லின் உட்கருவில் ஒரு சின்ன வளையமாக முடிந்து வைத்துவிடும். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புதுப் பிரதிகள் உருவாவதை அடக்குமே தவிர அந்த வளையத்தை அழிக்காது, அதனால்தான் ஒருமுறை ஆரம்பித்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எனக்கு வியப்பாக இருப்பது இதன் இன்னொரு தந்திரம். ஒரு முழு வைரசுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை வெறும் உறைகளை, உள்ளே சரக்கே இல்லாத பொட்டலங்களை, இரத்தத்தில் கொட்டுகிறது. எதிர்ப்புப் புரதங்கள் அவற்றின் பின்னால் ஓடியே தீர்ந்துபோகின்றன. வருடக்கணக்கில் அதே முகத்தைப் பார்த்துப் பார்த்து, வைரஸ் புகுந்த செல்களை அழிக்க வேண்டிய டி செல்களும் ஓய்ந்துவிடுகின்றன. போதாததற்கு கல்லீரல் இயல்பிலேயே பொறுமைசாலி. நீங்கள் காலையில் சாப்பிடும் ரொட்டி பரோட்டாவின் சத்து குடலிலிருந்து பெரும்பாலும் அங்கேதான் போகிறது, வருகிற எல்லாவற்றோடும் அது மல்லுக்கு நிற்க முடியுமா?

தொற்றிய வயதும் முக்கியம். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகிவிடும், பெரியவர்களானபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. சிங்கப்பூர் 1987 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசியைப் போடுவது இதற்காகத்தான்.

செல்லைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் இல்லை, தாமதமாக விழித்துக்கொள்ளும் நம் படைதான். அதனால் “ஒன்றும் தெரியவில்லை” என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலைக்குப் போகாதவர்களுக்கும் இதனால் புற்றுநோய் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னை ஆய்வு ஒன்று பெரிய நம்பிக்கை தந்தது, இந்த வைரசைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்புறம் எதற்கு அரைத்துக்கொண்டு? குடித்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஒரே தட்டில் தாராளமாகச் சாப்பிடுங்கள், சாப்பாட்டில் இது ஒட்டாது. சவரக் கத்தியும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். சரி, உங்கள் மனைவி இரத்தம் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டாரா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.