புது ஆள் சேரும் பாரத்தில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் எச்ஆர் (மனிதவள) பிரிவில், புதியவர்களைச் சேர்க்கும் ஆன்போர்டிங் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேர்பவர் ஃபோனில் நிரப்பும் பாரத்தில் எந்த ஃபீல்டு (நிரப்பும் கட்டம்) இருக்க வேண்டும், அதை யார் பார்க்கலாம், அது பேரோலுக்கு (சம்பளக் கணக்குக்கு) எப்படிப் போகிறது என்பதெல்லாம் என் பொறுப்பு. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: அக்கா, எங்கள் சிஸ்டத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். நம் ஆட்களின் பெயரை எப்படிப் பிரிப்பது?

பிரிக்கவே வேண்டாம், தங்கச்சி. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கவிதா ஏ/பி முருகன் என்றால் 'முருகனின் மகள் கவிதா', அதாவது முருகன் அவருடைய அப்பா. அதை லாஸ்ட் நேமில் போட்டால் 'அன்புள்ள முருகன்' என்றுதான் முதல் மின்னஞ்சல் போகும். அப்பா இறந்து சில மாதங்களே ஆன ஒரு பெண்ணுக்கு அப்படி ஒன்று போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

'ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே ஃபீல்டு வையுங்கள். பேரோல், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு), வங்கி எல்லாம் அதையே எடுக்கட்டும். 'எப்படி அழைக்க வேண்டும்' என்பது இரண்டாவது ஃபீல்டு. மின்னஞ்சலுக்கும் கழுத்தில் மாட்டும் அட்டைக்கும் அது போதும். லாஸ்ட் நேம் கட்டாயம் என்பதை நீக்க முடியுமா என்று சிஸ்டம் விற்றவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அதில் எதையாவது போட்டு வைக்கலாம், ஆனால் எந்தக் கடிதமும் அதை எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஐசியில் எழுத்துக்கூட்டல் விசித்திரமாகத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள்.

அப்புறம், ஏ/எல் (மகன்), ஏ/பியில் (மகள்) வரும் சாய்கோடு. விண்டோஸில் கோப்பின் பெயரில் அந்தக் குறி வரக்கூடாது. ஊழியர் பெயரை வைத்து வேலைக் கடிதக் கோப்பு தானாக உருவாகும் சிஸ்டமாக இருந்தால், நம் ஆட்களின் கடிதம் மட்டும் உருவாகாமல் நின்றுவிடும். கோப்புக்கு ஊழியர் எண்ணையே பெயராக வையுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: சில பேருடைய ஐசி எண் மட்டும் 11 இலக்கமாகப் பேரோலுக்குப் போகிறது. ஏன்?

அவர்கள் 2001-லிருந்து 2009 வரை பிறந்தவர்களா என்று பாருங்கள். ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி, ஆண்டு முதலில் வரும். 2002-ல் பிறந்தவருக்கு 02 என்று தொடங்கும். ஃபீல்டின் வகை 'எண்' என்று இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். சிஸ்டத்தில் சரியாக இருந்தாலும், இறக்கிய கோப்பை எக்செலில் திறந்து சேமித்தாலே போய்விடும். 90-களில் பிறந்தவர்களே வேலைக்கு வந்துகொண்டிருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. நானும் ஒருமுறை பயிற்சி மாணவர்களின் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஐசியைக் கேட்டுத் திருத்தினேன்.

கூட்டிக் கழிக்காத எந்த எண்ணையும் 'எழுத்து' வகையாக வையுங்கள்: ஐசி, வங்கிக் கணக்கு, ஃபோன், அஞ்சல் குறியீடு.

பங்சாரிலிருந்து ஒருவர்: மதம், இனம் இரண்டையும் பாரத்தில் கட்டாயமாக வைத்திருக்கிறோம். சரியா, மேடம்?

கட்டாயமாக வைத்தது தவறு என்பதே என் கருத்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் மத நம்பிக்கை, உடல்நலம் ஆகியவை உணர்வுபூர்வமான தரவு என்ற பிரிவில் வருகின்றன. பொதுவாக அவரிடம் வெளிப்படையான சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பிறகு கைரேகை போன்றவையும் அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டன. ஆக, கைரேகை வைத்து வருகை பதிபவர்களும் கவனிக்க வேண்டும்.

அந்த விவரத்தை யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். 'ஆண்டு விருந்துச் சாப்பாட்டுக்கு' என்று பதில் வந்தால், விருந்தின்போது சைவமா, ஹலாலா என்று கேட்டாலே போதும். சம்பளத்தில் ஜக்காத் பிடிக்க வேண்டுமென்றால், அதை விரும்புகிறவர் மட்டும் நிரப்பும்படி தனியாக வையுங்கள். உண்மையிலேயே தேவைப்படும் விவரத்தை எச்ஆரில் ஓரிருவர் மட்டும் பார்க்கும்படி அனுமதியைச் சுருக்குங்கள். பிரிவு மேலாளருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை.

சுங்கை பட்டாணியிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் ஒரு சகோதரி: பழைய ஃபீல்டுகளை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள், முடக்கி வையுங்கள். பல சிஸ்டங்களில் அழித்தால் பழைய ஊழியர்களின் விவரமும் கூடவே போய்விடும். திரையில் தெரியும் பெயரை மாற்றலாம், உள்ளே இருக்கும் குறிப்பெயரை மட்டும் தொடாதீர்கள். பேரோல் இணைப்பு அதைத்தான் தேடும்.

அதே சகோதரி: வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தனிப் பாரம் வேண்டுமா?

வேண்டாம். முதலில் குடியுரிமையைக் கேளுங்கள். மலேசியர் என்றால் ஐசி, இல்லையென்றால் பாஸ்போர்ட் எண் திறக்கட்டும். பாஸ்போர்ட் முடியும் தேதியும் பெர்மிட் முடியும் தேதியும் வேறு வேறு ஃபீல்டு, இரண்டுக்கும் தனித்தனி நினைவூட்டல்.

செராசிலிருந்து ஒரு அண்ணன்: எங்கள் பாரம் மிக நீளம். பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அண்ணே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பதுதான் காரணம். வேலைக்கு ஒப்புக்கொண்டதும் பெயர், ஐசி, முகவரி, அவசரத் தொடர்பு போதும். முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு, இபிஎஃப் எண், வருமான வரி எண், பிசிபி (மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) கணக்குக்குத் தேவையான திருமண நிலை, துணைவர் வேலை செய்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர். சொக்சோவில் 30 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டை அளவு, கார் எண் எல்லாம் பிறகு.

திருமண நிலை மாறும்போது பழையதன் மேலேயே எழுதாமல், 'எந்தத் தேதியிலிருந்து' என்று சேர்த்துப் பதியும்படி வையுங்கள்.

புதிய பாரத்தைத் திறக்கும் முன் நாலு கற்பனை ஆட்களை உள்ளே விட்டுப் பாருங்கள்: பெயரில் ஏ/பி உள்ள ஒருவர், 2002-ல் பிறந்த ஒருவர், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள நேப்பாளி ஒருவர், ஐசியில் அப்பா பெயரே இல்லாத ஒருவர். நாலு பேருடைய சம்பளச் சீட்டும் சரியாக வெளியே வந்த பிறகு திறக்கலாம்.