கேள்வி–பதில்: 'போனை வை!'

கேள்வி: என் ஒன்பது வயது மகளிடம் 'போனை வை' என்று தினமும் சொல்கிறேன். காதிலேயே வாங்குவதில்லை. நானும் ஆபீஸ் வேலை என்று போனும் கையுமாக இருப்பவன்தான். ஆனால் தம்பி போனை எடுத்தால் மட்டும் அச்சு அசல் என்னைப் போலவே அதட்டுகிறாள், அதுவும் தன் கையில் போனை வைத்துக்கொண்டே! நான் சொன்னதெல்லாம் வீண்தானா?
– ஒரு அப்பா

பதில்: யார் சொன்னது வீண் என்று? நன்றாகத்தான் பதிந்திருக்கிறது. என்ன, உபதேசமாகவே பதிந்துவிட்டது.

1970-ல் பிரையன், வால்பெக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விளையாட்டில் ஜெயித்த பரிசில் கொஞ்சத்தைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. முதலில் ஒருவர் பிள்ளைகளுக்கு விளையாடிக் காட்டுவார். அப்படிக் காட்டியவர்களில் சிலர் 'கொடுப்பது நல்லது' என்று சொன்னார்கள், சொன்னபடியே பரிசில் கொஞ்சம் கொடுத்தார்கள். சிலர் அதையே சொல்லிவிட்டுக் கொடுக்காமல் நகர்ந்தார்கள். பிள்ளைகள் கொடுத்ததும் கொடுக்காததும் அவர் செய்ததைப் பார்த்துத்தான். அப்படியானால் அவர் சொன்னது எங்கே போனது? இன்னொரு பிள்ளைக்குப் புத்தி சொல்லும் இடத்தில் அது வெளியே வந்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான்.

பெரியவர்களும் இப்படித்தான். என் பழைய மேலதிகாரி ஒருவர், 'ஆறு மணிக்கு மேல் யாரும் ஆபீஸில் இருக்கக் கூடாது' என்பார். ராத்திரி பதினொரு மணிக்கு அவரிடமிருந்து மெயில் வரும். நாங்கள் யாரும் ஆறு மணிக்குக் கிளம்பியதில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் 'இங்கே ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம்' என்று மட்டும் தவறாமல் சொல்வோம்!

சரி, நூற்றுக்கு நூறு ஒழுங்காக இருப்பவர்தான் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டுமா? அப்படியென்றால் எந்த வீட்டிலும் பேச்சே இருக்காது. சிகரெட்டை விட முடியாத அப்பா, 'என்னால் விட முடியவில்லை, நீ தொடாதே' என்று சொல்லலாம். ஒளித்துவைத்துப் பிடித்துவிட்டுப் பாடம் நடத்துவதுதான் எடுபடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் வேலைக்காகப் போனை எடுத்தால், 'பத்து நிமிடம் வேலை இருக்கிறது' என்று மகளிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பத்தாவது நிமிடம் வைத்துவிடுங்கள். வேலை முடியவில்லை என்றால் இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். அப்புறம் 'சும்மா ஒரு வீடியோ' என்று ஆரம்பிக்காதீர்கள். அதைத்தான் அவள் முதலில் கவனிப்பாள். கொஞ்ச நாளைக்கு அவளிடம் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். அதற்காக 'நான் வைத்துவிட்டேனே, நீ ஏன் வைக்கவில்லை?' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.