கணினிக் கேள்வி-பதில்: பாடம் விரலுக்குத்தான்

கேள்வி: 80 கீபோர்டு ஷார்ட்கட்களை ஒரு தாளில் அச்செடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. காப்பி, பேஸ்ட் தவிர ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எனக்கு வயது 51. இனிமேல் வராதோ?

பதில்: கட்டாயம் வரும். முதலில் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். நான் 22 வருடம் பத்திரிகைப் பக்கங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்பு திருத்தி வாழ்ந்தவள். பட்டியல் வைத்து ஷார்ட்கட் பழகியவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நன்றாக டைப் அடிப்பவரிடம் "ம எந்தப் பட்டன்?" என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசிப்பார். "மழை" என்று அடிக்கச் சொல்லுங்கள், விரல் தானாகப் போய் நிற்கும். ஷார்ட்கட்டும் அப்படித்தான். அது விரலில் தங்குகிற விஷயம், தாளைப் பார்த்து மனப்பாடம் செய்தால் தங்காது.

நான் செய்தது இதுதான். ஒரு நாள் காலை முழுக்க, கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் வைத்திருந்த தாளில் ஏன் போனது என்று ஒரு சொல் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே மூன்றே காரணங்கள்: ஒரு சொல்லைத் தேர்வு செய்ய, வரியின் கடைசிக்குப் போக, வேறு விண்டோவுக்கு மாற. மூன்றையும் ஒரே நாளில் பழகவில்லை. வாரத்துக்கு ஒன்று. அந்த வாரம் மவுஸ் எத்தனை வசதியாகத் தோன்றினாலும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைத் தொடவே இல்லை. முதல் இரண்டு நாள் வேலை மெதுவாகத்தான் நடக்கும். பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், எழுத்து வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது கர்சரை நகர்த்துவதைத்தான். வரியின் நடுவில் ஒரு சொல் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் என்றால் கையை எடுக்க வேண்டும், திரையில் அம்புக்குறியைத் தேட வேண்டும், குறிபார்த்து இரண்டு முறை சொடுக்க வேண்டும், திரும்பவும் கையைக் கொண்டுவந்து விரல்களை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பதில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இடது அம்பைத் தட்டுங்கள். கர்சர் ஒவ்வொரு சொல்லாகத் தாவும். தப்பான சொல்லின் தலையில் வந்து நின்றதும் ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டு வலது அம்பு ஒரு தட்டு. சொல் முழுதும் தேர்வாகிவிடும், சரியானதை அடிக்க வேண்டியதுதான். இப்போதுதான் அடித்த சொல் தப்பு என்றால் இன்னும் சுலபம்: கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும். வரியின் தொடக்கத்துக்கு ஹோம், முடிவுக்கு எண்ட்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொன்று. 'கொ' என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால், விண்டோஸில் பெரும்பாலும் கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்கும். அதே எழுத்துக்கு முன்னால் நின்று டெலிட் தட்டினால் எழுத்து மொத்தமாகப் போகும். உயிர்மெய்யில் குறில் நெடில் மட்டும் தவறென்றால் பேக்ஸ்பேஸைத்தான் நாட வேண்டும். மெய்ப்பு திருத்துகையில் இந்த ஒரு வித்தியாசம் எனக்கு எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: நேற்று எட்டுப் பக்கக் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாம் மறைந்து ஓர் எழுத்து மட்டும் நின்றது. பயத்தில் ஃபைலை மூடிவிட்டேன். என்ன ஆகியிருக்கும்?

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. பக்கம் முடித்து அனுப்ப வேண்டிய இரவு. சேமிக்க கன்ட்ரோல் எஸ் அழுத்த நினைத்து, பக்கத்துப் பட்டனான ஏ-யை அழுத்திவிட்டேன். கன்ட்ரோல் ஏ எல்லாவற்றையும் தேர்வு செய்துவிடும். அது தெரியாமல் அடுத்த எழுத்தை அடித்ததும் கட்டுரை முழுவதையும் அந்த ஓர் எழுத்து விழுங்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பின்னால் நின்ற மூத்தவர் ஒருவர், "எதையும் தொடாதேம்மா" என்று சொல்லிக் குனிந்து கன்ட்ரோல் இசட் தட்டினார். ஒவ்வொரு சொல்லும் திரும்ப வந்தது.

உங்களுக்கும் அநேகமாக இதேதான் நடந்திருக்கும். இனி அப்படி ஆனால் ஃபைலை மட்டும் மூடாதீர்கள். மூடாதவரை கன்ட்ரோல் இசட் பெரும்பாலும் கைகொடுக்கும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் கன்ட்ரோல் ஒய் முன்னால் கொண்டுவரும்.

கேள்வி: ஒன்றைக் காப்பி செய்து பேஸ்ட் செய்வதற்குள் இன்னொன்றைக் காப்பி செய்துவிடுகிறேன். முதலாவது போய்விடுகிறது.

பதில்: கன்ட்ரோல் வி-க்குப் பதில் விண்டோஸ் பட்டனோடு வி தட்டுங்கள். 2018-இல் வந்த புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10-இல் இது இருக்கிறது, 11-லும் உண்டு. முதல் தடவை இயக்கலாமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை வரிசையாக நிற்கும். அடிக்கடி வேண்டியதை 'பின்' (Pin) செய்து வைத்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடமென்றால் கவனம். நீங்கள் காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்த வரிசையில் தெரியலாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் எஃப் 2 தட்டினால் ஃபைல் பெயர் மாற்ற வரவில்லை, சத்தம் குறைகிறது.

பதில்: Fn (எஃப் என்) என்று எழுதியிருக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள்.

கேள்வி: காப்பிக்கு சி சரி. கட்டுக்கு எக்ஸ், பேஸ்ட்டுக்கு வி ஏன்?

பதில்: கட், காப்பி, பேஸ்ட் என்ற முறையை 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்ற வரிசை அமைந்தது. கீழ் வரிசையின் இடது ஓரத்தைப் பாருங்கள், நான்கும் அடுத்தடுத்து இருக்கும். வலது கை மவுஸில் இருக்க இடது கை ஒன்றாலேயே நான்கையும் எட்டலாம். எக்ஸ் பார்ப்பதற்குக் கத்தரிக்கோல் மாதிரியும் இருக்கிறது, அடித்துவிட்ட குறி மாதிரியும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். 1981-இல் வந்த ஐபிஎம் கணினிக்காக டேவிட் பிராட்லி அமைத்தது. அன்று அது கணினியை அப்படியே மறுதொடக்கம் செய்துவிடும் என்பதால், கை தவறிப் படாதபடி வேண்டுமென்றே பட்டன்களைத் தள்ளித் தள்ளி எடுத்தார்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவருக்கு வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையால் டைப் அடிக்கிறார். இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தத்தான் முடியவில்லை.

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. அவர் திரும்ப எழுதத் தொடங்கியிருப்பதே பெரிய விஷயம்.

ஷிஃப்ட்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்று சொன்னால் போதும், பட்டன்களைச் சேர்த்து அழுத்தவே வேண்டாம். திரையைப் படம் பிடிக்க முதலில் விண்டோஸ் பட்டனைத் தட்டி எடுத்துவிடலாம், பிறகு ஷிஃப்ட், பிறகு எஸ். இடையில் மூச்சு விட்டுக்கொள்ளலாம், கணினி காத்திருக்கும். கன்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் அது அழுந்தியபடியே நிற்கும். அம்பைத் தட்டித் தட்டிச் சொல் சொல்லாகத் தாவ அது உதவும். இன்னொரு முறை தட்டினால் விடுபடும்.

வேர்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆல்ட்டை ஒரு தட்டுத் தட்டி விட்டால், மேலே உள்ள ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்ன எழுத்துகள் தோன்றும். ஆங்கில மெனுவில் ஆல்ட், பிறகு எச், பிறகு 1 தட்டினால் எழுத்து தடிமனாகும். எல்லாமே ஒன்றன்பின் ஒன்றுதான். நீங்கள் அதே கணினியில் உட்கார்ந்து வழக்கம்போல இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக அணைந்துவிடக்கூடும். செட்டிங்ஸில் அதற்கென ஒரு தேர்வு இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அவரிடம் கொடுங்கள்.